ஊர் எங்கே முடிகிறது?

பள்ளியில் சிறுவர்களுக்குப் புவியியல் கற்பிக்கும் காலத்தில், ஆண்டின் முதல் நாளன்று நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "நம் ஊர் எங்கே முடிகிறது?" என்பதே அக்கேள்வி. ஆரணிப் பிள்ளைகள் தயங்காமல் விடை கூறுவார்கள். ஒருவன், கமண்டல நாகநதியின் கரையோடு முடிகிறது என்பான். ஒருத்தி, தன் தெருக்கோடியில் இருக்கும் எல்லையம்மன் கோயிலைச் சுட்டிக் காட்டுவாள். நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் ஓர் ஆண்டு எழுந்து நின்று, "எங்கே தறிச்சத்தம் நிற்கிறதோ அங்கே முடிகிறது, ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அம்மூன்று விடைகளில் எதனையும் தவறென்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் மூன்றும் ஒரே கோட்டைக் குறிக்கவில்லை என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

ஊரை நாம் உள்ளத்தால் அறிகிறோம். பிறந்த இடம், பெண் கொடுத்துப் பெண் எடுத்த இடம், தேர் ஓடும் வீதி, சந்தை கூடும் நாள் ஆகிய இவையெல்லாம் சேர்ந்தது ஊர். ஆனால் கணக்கு அவ்வாறு நடவாது. எத்தனை பேர் என்று எண்ணப் புகுமுன், எதற்குள் எண்ணுகிறோம் என்பதை முடிவு செய்தாக வேண்டும். படியின் அளவு தெரியாமல் நெல்லை அளந்து பயன் இல்லை அன்றோ? மக்கள் தொகைக்குப் படியாக அமைவது எல்லை. எல்லை மாறினால், ஒருவர்கூடப் பிறவாமலும் இறவாமலும் குடிபெயராமலும் இருக்கும்போதே, ஊரின் தொகை கூடவும் குறையவும் செய்யும்.

நம் ஆரணியையே எடுத்துக் கொள்வோம். 2011 ஆம் ஆண்டின் குடிமதிப்பு, அதாவது மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, ஆரணியின் தொகையை 63,671 என்று கூறுகிறது. இது எந்த ஆரணி? நகராட்சியின் எல்லைக்குட்பட்ட ஆரணி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு என்னும் பெயர் நகராட்சி எல்லைக்குள் அடங்கி நிற்பதன்று. சேவூரில் குழித்தறியில் அமர்ந்து நெய்பவரும் ஆரணிச் சேலையைத்தான் நெய்கிறார். பாவும் ஜரிகையும் பெற ஆரணிக்கு வருகிறார். கூலி பெறுவதும் இங்கேதான். "எந்த ஊர்?" என்று வெளியூரில் யாரேனும் கேட்டால், "ஆரணி" என்றே சொல்லுவார். எனினும் 2011 இல் சேவூர் ஓர் ஊராட்சி. ஆகையால் அந்த 63,671 இல் அவர் இல்லை. பட்டைக் கொண்டு ஆரணியை அறிந்தவர்களின் கணக்கு ஒன்று. வரிச்சீட்டைக் கொண்டு ஆரணியை அறிந்தவர்களின் கணக்கு வேறொன்று. இரண்டும் பொய்யல்ல. ஆனால் ஒன்றன் எண்ணை மற்றொன்றன் எண்ணாகக் கருதிவிட்டால் பிழை நேரும்.

எல்லை காணும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. சோழர் காலத்தில் ஓர் ஊரைத் தானமாக அளிக்கும்போது, அதன் எல்லையைச் சுற்றிப் பெண் யானையை நடக்கச் செய்து, அது சென்ற வழியையே எல்லையாகக் கொள்வது மரபு. ஆனைமங்கலச் செப்பேடும் திருவாலங்காட்டுச் செப்பேடும் இதற்குச் சான்று. கல்லும் கள்ளியும் நட்டு அவ்வெல்லையை நிலைநிறுத்தினர். இதில் ஓர் அறிவு பொதிந்திருக்கிறது. எல்லை என்பது ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. ஊரார் கண்முன் தரையில் நடந்து காட்டப்பட வேண்டும் என்பதே அது.

ஆங்கிலேயர் ஆட்சியில் யானைக்குப் பதில் அளவைச் சங்கிலி வந்தது. நிலவரி வாங்குவதற்காக ஒவ்வோர் ஊரும் அளக்கப்பட்டு, ஒவ்வொரு வயலுக்கும் புல எண் இடப்பட்டு, எல்லைக் கற்கள் நாட்டப்பட்டன. அவ்வாறு அமைந்ததே வருவாய்க் கிராமம். தமிழ்நாட்டில் ஊர்ப்புறத் தொகையைக் கணக்கிடுவதற்கு இன்றும் இதுவே அடிப்படை. வருவாய்க் கிராமத்தின் சிறப்பு யாதெனில், ஒரு கிராமம் முடியும் கோட்டில் அடுத்த கிராமம் தொடங்கும். இடையில் ஆளில்லா நிலம் என்று ஒன்று கிடையாது. ஒரு வீடும் இல்லாத கிராமத்தையும் விட்டுவிடாமல், குடியில்லாதது என்று குறித்துப் பட்டியலில் வைத்திருப்பார்கள்.

ஆனால் இதற்கொரு குறையும் உண்டு. வருவாய்க் கிராமம் நிலத்துக்காக வகுக்கப்பட்டது. மனிதர் கூடி வாழும் குடியிருப்புக்காக வகுக்கப்பட்டதன்று. ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் ஒன்றுக்கொன்று தொலைவாக நான்கு குக்கிராமங்கள் இருக்கலாம். ஒரே குடியிருப்பு இரண்டு வருவாய்க் கிராமங்களில் பரவியும் இருக்கலாம். மக்கள் தேர்ந்தெடுக்கும் ஊராட்சியோ மூன்றாவது வகை. தமிழ்நாட்டில் 2011 இல் வருவாய்க் கிராமங்கள் சுமார் 16,000. ஊராட்சிகளோ சுமார் 12,500. ஆகவே "எங்கள் ஊராட்சியில் எத்தனை பேர்?" என்று ஒரு தலைவர் கேட்டால், கிராமப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் விடை கூற இயலாது. கூட்டியும் பிரித்தும்தான் காண வேண்டும்.

இனி, எது நகரம், எது கிராமம் என்னும் கேள்விக்கு வருவோம். 1961 ஆம் ஆண்டின் குடிமதிப்பில் நாடு முழுமைக்கும் பொதுவான ஓர் இலக்கணம் வகுக்கப்பட்டது. நகராட்சி, மாநகராட்சி போன்று சட்டத்தால் நகரம் என்று அறிவிக்கப்பட்ட இடங்கள் யாவும் நகரமே. அவ்வாறு அறிவிக்கப்படாத இடமும் மூன்று தேர்வுகளில் வெற்றி பெற்றால் நகரம் என்றே எண்ணப்படும். மக்கள் தொகை 5,000 க்குக் குறையாமல் இருக்க வேண்டும். உழைக்கும் ஆண்களில் 100 க்கு 75 பேராவது உழவல்லாத தொழிலில் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும். இவ்வாறு தேர்வு பெற்ற ஊரைக் கணக்கெடுப்பு நகரம் என்பர். 2001 இல் நம் நாட்டில் 1,362 ஆக இருந்த கணக்கெடுப்பு நகரங்கள், 2011 இல் 3,894 ஆக உயர்ந்தன. அந்த ஊர்கள் கணக்கில் நகரம், ஆட்சியில் ஊராட்சி.

இத்தேர்வுகளை நெசவூர் ஒன்றின்மீது வைத்துப் பார்த்தால் எல்லையின் வலிமை விளங்கும். ஓர் ஊரில் 6,000 பேர் வாழ்வதாக வைத்துக் கொள்வோம். பெரும்பாலோர் நெசவாளர். அதன் வருவாய்ப் பரப்பு 10 சதுர கிலோமீட்டர் என்றால், அடர்த்தி 600, ஊர் தேறிவிடும். அதே 6,000 பேர், அதே தெருக்கள், அதே தறிகள், ஆனால் பெரிய ஏரி ஒன்றும் அதன் பாசன வயல்களும் அவ்வூரின் எல்லைக்குள் விழுந்து பரப்பு 20 சதுர கிலோமீட்டர் ஆகிவிட்டால், அடர்த்தி 300, ஊர் தவறிவிடும். மனிதர் மாறவில்லை. ஏரியை எந்தப் பக்கம் சேர்த்தார்கள் என்பதே முடிவைத் தீர்மானித்துவிட்டது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தொழில் தேர்வில் ஆண்களின் தொழில் மட்டுமே பார்க்கப்படுகிறது. பட்டு நெசவு ஒருவர் கைத்தொழில் அன்று. வீட்டில் பெண்கள் நூல் சுற்றுகிறார்கள், தாறு போடுகிறார்கள், பலர் தறியிலும் அமர்கிறார்கள். அவர்கள் கை ஓய்ந்தால் தறி ஓய்ந்துவிடும். எனினும் ஊர் நகரமா என்று தீர்மானிக்கும் அந்தக் கணக்கில் அவர்கள் உழைப்புக்கு இடமில்லை.

"நகரம் என்றால் என்ன, கிராமம் என்றால் என்ன? பெயரில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். பெயரோடு பணமும் கடமையும் சேர்ந்தே வருகின்றன. 2005 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வேலை உறுதிச் சட்டம், ஆண்டுக்கு 100 நாள் வேலையை ஊரகக் குடும்பங்களுக்கே உறுதி செய்தது. அதனால், நகராட்சியோடு இணைத்தால் அவ்வேலை போய்விடும், வரியும் ஏறும் என்று அஞ்சிய ஊர்கள் பல. மறுபுறம், சாக்கடையும் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் நகரத்தின் அளவில் வேண்டும் என்று விரும்பிய ஊர்களும் பல. தமிழ்நாட்டில் 2004 ஆம் ஆண்டு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள், ஊரகத்துக்குரிய நிதியைப் பெறும் பொருட்டுச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டன. 2006 ஆம் ஆண்டு அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. இரண்டு ஆண்டுகளில் அவ்வூர்கள் நகரத்திலிருந்து கிராமத்துக்குச் சென்று, மறுபடி நகரத்துக்குத் திரும்பிவிட்டன. ஒரு தெருவும் இடம் பெயரவில்லை.

காலத்தை ஒப்பிடும்போது இத்தொல்லை பெரிதாகிறது. ஆரணி பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1989 செப்டம்பர் 30 அன்று அம்மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில் நாம் சேர்ந்தோம். 1981 இன் வட ஆற்காட்டையும் 1991 இன் வட ஆற்காட்டையும் அப்படியே அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவன், மக்களில் ஒரு பகுதியினர் எங்கோ மறைந்துவிட்டார்கள் என்று எண்ணுவான். சென்னையோ எதிர்த்திசையில் சென்றது. 2011 மார்ச் முதல் நாள் நிலவரப்படி அம்மாநகராட்சியின் தொகை 46 லட்சத்துக்கு மேல். அதே ஆண்டு அக்டோபரில் அதன் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. புதிய எல்லைக்குள் அதே கணக்கைக் கூட்டினால் தொகை 66 லட்சத்தைக் கடந்தது. அவ்வாண்டு இருபது லட்சம் பேர் சென்னைக்கு வந்து குடியேறினார்கள் என்று யாரும் சொல்லார். ஆதலின் ஊரின் வளர்ச்சியைக் கூறுமுன், பழைய தொகையைப் புதிய எல்லைக்கேற்பத் திருத்தி எழுதுவது கணக்காளரின் முதற்கடமை.

எண்ணும்போது எல்லை அசையலாகாது. இதற்கென்றே குடிமதிப்புக்குச் சில காலம் முன்பு ஒரு நாளைக் குறித்து, அந்நாளுக்குப் பிறகு மாவட்டம், வட்டம், நகரம், கிராமம் எதன் எல்லையையும் மாற்றலாகாது என்று அரசு ஆணையிடுகிறது. 2011 இன் கணக்கெடுப்புக்கு அந்நாள் 2010 ஜனவரி 1. 2021 இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப் போயிற்று. அதற்கு மாற்றாக, 2027 மார்ச் 1 ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பு 2025 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. எல்லை மாற்றங்களை 2025 டிசம்பர் 31 க்குள் முடித்துக் கொள்ளுமாறு மாநிலங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

ஊரின் வெளி எல்லை உறுதியான பிறகு, உள்ளே அதனைச் சிறு பகுதிகளாக வகுப்பார்கள். ஒரு கணக்கெடுப்பாளர் நடந்து முடிக்கக் கூடியதாக, ஏறக்குறைய 150 வீடுகள் கொண்ட பகுதி அது. ஒவ்வொருவருக்கும் ஒரு கைவரைபடம் உண்டு. கதவுகளில் எண் எழுதப்படும். இங்கே விதி ஒன்றே: ஒவ்வொரு வீடும் ஏதேனும் ஒரு பகுதியில் இருக்க வேண்டும், ஒரே ஒரு பகுதியில்தான் இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிய விதி. அதனைக் காப்பது எவ்வளவு அரிது என்பதை நான் என் பிழையால் கற்றேன்.

1991 ஆம் ஆண்டு. அப்பொழுது நான் இளம் ஆசிரியன். பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகச் சென்று எண்ணும் பணி எனக்கும் இடப்பட்டிருந்தது. நகரின் ஓரப் பகுதி ஒன்று என் பங்கு. என் வரைபடத்தில் கிழக்கெல்லை 'வண்டிப்பாதை' என்று எழுதியிருந்தது. நான் வண்டிப்பாதை வரை எண்ணி, கணக்கை முடித்துவிட்டேன். மார்ச் மாதம் முதல் ஐந்து நாட்கள், இடையில் பிறந்தவரையும் இறந்தவரையும் சரிபார்க்கும் மறுசுற்று. அந்தச் சுற்றில் ஒரு விடியற்காலையில் அவ்வழியே சென்றபோது, நெசவாளர் சிலர் பாவு நீட்டிக் கொண்டிருந்தார்கள். பாவின் ஒரு முனை என் பகுதியில். மறுமுனை வண்டிப்பாதையைக் கடந்து அப்பால் சென்றது. அம்முனையில் நின்ற மூதாட்டி ஒருவர் என்னைப் பார்த்து, "வாத்தியாரய்யா, எங்கள் கதவுக்கு மட்டும் ஏன் எண் போடவில்லை? நாங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார்.

அவர் காட்டிய திசையில் ஏழு வீடுகள் இருந்தன. அவற்றின் பின்னே ஓர் ஏரிக்கால்வாய். அடுத்த ஊராட்சியை எண்ணிய நண்பரின் வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். அவருடைய மேற்கெல்லை 'கால்வாய்' என்றிருந்தது. நான் பாதையோடு நின்றேன். அவர் கால்வாயோடு நின்றார். பாதைக்கும் கால்வாய்க்கும் இடையில் ஏழு வீடுகள், 31 உயிர்கள், இந்திய நாட்டில் இல்லாதவர்களாகி இருந்தனர். எங்கள் இருவர் மேலும் குற்றம் கூற வரைபடத்தில் இடமில்லை. ஆனால் இருவரும் ஒரு நாள் சேர்ந்து அவ்வெல்லையில் நடந்திருந்தால் அது நேர்ந்திராது. அந்த யானை செய்ததை நாங்கள் செய்யத் தவறினோம்.

கிராம நிர்வாக அலுவலரை அழைத்து வந்து, புல எண்ணைப் பார்த்து எல்லைக்கல்லைத் தேடினோம். ஐந்து வீடுகள் ஊராட்சியைச் சேர்ந்தவை என்றும், இரண்டு நகராட்சியைச் சேர்ந்தவை என்றும் தெரிந்தது. மார்ச் ஐந்தாம் நாள் மாலைக்குள் ஏழு வீடுகளையும் எண்ணி முடித்தோம். அந்த மூதாட்டி கேட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஊரின் நடுவில் வாழ்பவரை யாரும் விட்டுவிடுவதில்லை. விடுபடுபவர் எப்பொழுதும் ஓரத்தில் வாழ்பவரே. புதிதாகக் குடிசை போட்டவர், கால்வாய்க் கரையில் தங்கியவர், தறிக்கூடத்திலேயே உறங்கும் வெளியூர்த் தொழிலாளி ஆகியோரே எல்லைக்கோட்டின் தவற்றுக்கு இரையாகிறார்கள். எண்ணப்படாதவருக்குப் பள்ளியில் இடமோ குடிநீர்க் குழாயோ திட்டமிடுவார் யார்?

பிற நாட்டார் இதனை எவ்வாறு தீர்க்க முயன்றனர் என்பதையும் சிறிது காண்போம். சுவீடன் முதலிய வட ஐரோப்பிய நாட்டார், ஆட்சி எல்லையை ஒதுக்கிவிட்டு வீடுகளையே பார்த்தனர். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடைவெளி 200 மீட்டருக்கு மிகாமல், 200 பேராவது கூடி வாழ்ந்தால் அது ஒரு குடியிருப்பு. வீடுகள் எங்கே நிற்கின்றனவோ அங்கே ஊர் நிற்கிறது. என் வகுப்பில் தறிச்சத்தத்தை எல்லையாகச் சொன்ன பையனின் விடை இதற்கு மிக அருகில் வருகிறது அல்லவா! 2020 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் ஆணையம் ஏற்ற முறையோ, நிலத்தை ஒரு கிலோமீட்டர்ச் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கிறது. சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேராவது உள்ள கட்டங்கள் தொடர்ந்து அமைந்து, அவற்றில் 50,000 பேராவது வாழ்ந்தால் அது பெருநகர மையம். 300 பேராவது உள்ள கட்டங்கள் தொடர்ந்து, மொத்தம் 5,000 பேராவது வாழ்ந்தால் அதுவும் நகர்த்தன்மை உடையதே. ஏரி தனிக் கட்டத்தில் விழுந்துவிடுவதால், முன்பு நாம் கண்ட அடர்த்திக் குழப்பம் இதில் பெரிதும் குறைகிறது.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான சிந்தனை இல்லாமல் இல்லை. நகரத்தை ஒட்டி அதன் எல்லைக்கு வெளியே வளர்ந்த பகுதியைப் புறவளர்ச்சி என்றும், தொடர்ந்து பரவிய நகரத் தொகுதியை நகரத்திரள் என்றும் 1971 முதல் தனியே குறித்து வருகிறார்கள். ஆட்சி எல்லை ஒருபுறம் இருக்க, வாழ்க்கை எல்லையையும் பக்கத்தில் எழுதி வைக்கும் நல்ல வழக்கம் அது.

அப்படியானால் எந்த எல்லை சரியானது? வரி வாங்கவும் வாக்களிக்கவும் சட்டத்தின் எல்லை வேண்டும். குழாயும் சாலையும் பள்ளியும் திட்டமிட வீடுகளின் எல்லை வேண்டும். நெசவாளரின் நலனை அறியத் தறிகளின் எல்லை வேண்டும். ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்பது சோம்பலின் பேச்சு. எவர் ஒருவர் ஓர் ஊரின் தொகையைக் கூறினாலும், "எந்த எல்லைக்குள்? எந்த ஆண்டில்?" என்று இரண்டு கேள்விகள் கேட்கப் பழக வேண்டும். அவ்விரண்டுக்கும் விடையில்லாத எண், கூரையில்லாத வீடு போன்றது.

நேயர்களே, இந்தக் கணக்கெடுப்பில் உங்கள் வாயிலுக்கு எண் எழுத வருபவர் பெரும்பாலும் என் போன்ற ஓர் ஆசிரியராகவே இருப்பார். வெயிலில் நடந்து களைத்து வருவார். அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். பிறகு உங்கள் தெருவின் கோடிக்கு அவரை அழைத்துச் சென்று, "இதற்கு அப்பாலும் வீடுகள் இருக்கின்றன, அவை யார் பட்டியலில் உள்ளன?" என்று கேளுங்கள். அன்று அந்த மூதாட்டி எனக்குச் செய்த உதவி அதுதான். ஊர் எங்கே முடிகிறது என்பதை அரசு வரையட்டும்; அந்தக் கோட்டில் ஒரு மனிதரும் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய கடமையாகும்.